வீட்டில் செய்த ஏரோபோனிக் வாளியில் செம்பருத்திக் குச்சிகள் அழுகிவிடுகின்றன

கேள்வி: உறையூர் மாடித்தோட்டம்

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. திருச்சி உறையூரில் எட்டு ஆண்டுகளாக மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். மணலிலும் தேங்காய்நார்க் கழிவிலும் குச்சி ஊன்றி வேர் பிடிக்க வைப்பது எனக்குக் கைவந்த வேலைதான். ஆனால், மண்ணே இல்லாமல், தண்டின் அடியில் தண்ணீரைத் தூவிக்கொண்டே இருந்து வேர் வரவழைக்கும் ஏரோபோனிக் முறையை இந்தக் கோடையில்தான் முதன்முதலாகச் செய்து பார்க்கிறேன். இரண்டு தடவை செய்தும் ஒரு குச்சிகூடத் தேறவில்லை.

அவசரமாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கும்பகோணத்தில் என் தாயார் பிறந்து வளர்ந்த வீடு கைமாறிவிட்டது. ஆவணியில் புது வீட்டு வேலையைத் தொடங்குவதற்காக ஆடியிலேயே அதை இடித்துவிடப் போகிறார்கள். கொல்லையில் கிணற்றடியை ஒட்டி ஓர் அடுக்குச் செம்பருத்தி நிற்கிறது. இதழ்கள் மாம்பழ மஞ்சள், அவற்றின் அடி மட்டும் குங்குமச் சிவப்பு. அப்படியொரு பூவை நான் எந்த நர்சரியிலும் பார்த்ததில்லை. வாங்கியவர் நல்ல மனிதர், வேண்டிய மட்டும் குச்சி வெட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். இன்னும் இரண்டு மாதத்துக்குள் அந்தச் செடியிலிருந்து சில கன்றுகளையாவது எடுத்துவிட வேண்டும்.

நான் செய்த அமைப்பைச் சொல்கிறேன். 20 லிட்டர் வெள்ளைப் பெயின்ட் வாளியின் மூடியில் 12 துளைகள் போட்டு, பழைய யோகா பாயை வட்டமாக வெட்டி, அதில் ஒரு கீறல் போட்டுக் குச்சியைக் கவ்வும்படி செருகியிருக்கிறேன். உள்ளே 18 வாட் ஏர்கூலர் பம்பு, அதன் தலையில் அரை அங்குல பி.வி.சி. குழாய், குழாயில் சொட்டுநீர்க் கடையில் வாங்கிய, நீரைப் பனிபோலத் தூவும் முனைகளான நான்கு ஃபாகர்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் 10 லிட்டர் ஊற்றியிருக்கிறேன். பம்பு இரவு பகலாக ஓடுகிறது. வாளி மாடிப்படிக்கு மேலுள்ள தகரக் கூரை அறையில் இருக்கிறது. குச்சிகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடியில் கற்றாழைச் சாறு தடவி, அதன் மேல் வேர் ஊக்கிப் பொடியைத் தோய்த்து வைத்தேன். நுனியில் நான்கைந்து முழு இலைகளை விட்டிருந்தேன்.

மூன்று நாள் இலைகள் விறைப்பாகவே இருந்தன. நான்காம் நாள் மூடியைத் தூக்கிப் பார்த்தபோது தண்டின் அடி பழுப்பேறியிருந்தது. விரலால் தடவினால் பட்டை வழவழவென்று உரிந்து கையோடு வந்தது, முகர்ந்தால் தேங்கிய சாக்கடை வாடை அடித்தது. ஓரத்துத் துளைகளில் இருந்த மூன்று குச்சிகள் மட்டும் அழுகவில்லை, வெறுமனே காய்ந்து போயிருந்தன. கடையில் சொன்னபடி ஊக்கிப் பொடியை இரண்டாம் தடவை இன்னும் தாராளமாகத் தோய்த்தேன். அப்போதும் இதே கதிதான். வேறு ஊக்கி வாங்க வேண்டுமா, அல்லது என் அமைப்பிலேயே கோளாறா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: நாற்றங்கால்

வணக்கம் சகோதரி. ஊக்கியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்கள் பதிவில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் கலந்திருக்கின்றன: அழுகிய குச்சிகளுக்கு ஒரு காரணம், காய்ந்த குச்சிகளுக்கு வேறொரு காரணம்.

காய்ந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது எளிது. ஏர்கூலர் பம்பு தண்ணீரை ஏறத்தாழ ஆறடி உயரத்துக்குத்தான் தள்ளும். நீரின் அழுத்தத்தை அளக்கும் ‘பார்’ என்னும் அலகில் சொன்னால் அது 0.2 பாருக்கும் குறைவு. ஃபாகர் பனிபோலத் தூவ வேண்டுமானால் 2 முதல் 3 பார் வரை அழுத்தம் வேண்டும், அதாவது 20 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் தொட்டியிலிருந்து இறங்கும் நீரின் விசை வேண்டும். உங்கள் ஃபாகர்கள் தூவவே இல்லை, ஒழுகிக்கொண்டிருக்கின்றன என்பது என் கணிப்பு. மூடியைத் திறந்துவைத்து ஒரு தடவை பம்பை ஓட விட்டால் தெரிந்துவிடும். அவற்றைக் கழற்றிவிட்டு, குழாயை வாளிக்குள் அடங்கும் ஒரு சதுர வளையமாக எல்போ வைத்து இணைத்து, அதன் மேற்புறத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் துளைகளைச் சற்றே சாய்வாகப் போட்டுவிடுங்கள். பீய்ச்சும் நீர் மூடியின் அடியில் மோதிச் சிதறி எல்லாத் தண்டுகளையும் நனைத்துவிடும். பனித்துளி அளவுக்கு நுண்ணியதாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், வேர்விடும் கட்டத்துக்கு இந்தச் சிதறலே போதும்.

இனி அழுகல். தகரக் கூரைக்குக் கீழே, வைகாசி வெயிலில், இரவு பகலாகப் பம்பு ஓடும் வாளித் தண்ணீர் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று அளந்தீர்களா? நீரில் மூழ்கிய பம்பு இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாக அந்த நீரிலேயே சேர்கிறது. 18 வாட் பம்பும் 10 லிட்டர் நீரும் என்றால், வெப்பம் வெளியேற வழியில்லாதபோது மணிக்கு ஒன்றரை டிகிரி ஏறும். வாளியின் சுவர் வழியாக வெப்பம் கசிந்துவிடுவதால் நடைமுறையில் அவ்வளவு ஏறாது என்றாலும், அறையைவிடத் தண்ணீர் எப்போதும் சூடாகவே நிற்கும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருக்கும், 32 டிகிரியில் அது 7.3 ஆகக் குறைந்துவிடும். குறைவது ஐந்தில் ஒரு பங்குதானே என்று தோன்றலாம். ஆனால் அதே சூட்டில் வெட்டுவாயில் உள்ள திசுக்களும் நீரில் உள்ள கிருமிகளும் மூச்சுவிடும் வேகம் கூடிவிடுகிறது, பித்தியம் போன்ற நீர்ப்பூசணங்களுக்கும் அது திருவிழாக் காலம். நீங்கள் கையில் உணர்ந்த வழவழப்பும் மூக்கில் உணர்ந்த வாடையும் அவற்றின் வேலைதான்.

கற்றாழைச் சாறு அதற்கு விருந்து வைத்தது போலாகிவிட்டது. மணலில் ஊன்றும் குச்சிக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. இங்கேயோ, அது ஒரு மணி நேரத்தில் கழுவப்பட்டு 10 லிட்டர் நீரிலும் கலந்து கிருமிகளுக்கு உணவாகிறது. தேன், இளநீர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வாளியைக் கீழ்த்தளத்தில், வெயில் படாத அறையின் வெறுந்தரையில் வையுங்கள். உள்ளே வெளிச்சம் புகாதபடி வாளிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, அதன் மேல் வெள்ளை அடியுங்கள். வெளிச்சம் புகுந்தால் பாசி பிடித்துவிடும். சுற்றிலும் ஈரச் சாக்கைக் கட்டி, சாக்கின் நுனி ஒரு தாம்பாளத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருக்குமாறு விடுங்கள். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே வித்தைதான் இது, உங்கள் ஊரின் வறண்ட காற்றில் நன்றாகவே வேலை செய்யும். பம்பை ஒரு நிமிடம் ஓட்டி நான்கு நிமிடம் நிறுத்தும் டைமரில் போட்டால், பம்பு தரும் சூடு ஐந்தில் ஒன்றாகிவிடும். நடுப்பகலில் மட்டும், உறைய வைத்த அரை லிட்டர்த் தண்ணீர்ப் பாட்டிலை மூடியோடு உள்ளே மிதக்க விடுங்கள். அந்தப் பனி உருகுவதற்கே 10 லிட்டர் நீரிலிருந்து சுமார் 4 டிகிரியை எடுத்துக்கொள்ளும். செம்பருத்தி வெப்ப நாட்டுச் செடி, அதற்கு 24 முதல் 26 டிகிரி வரை சுகமானது. ஆர்வத்தில் 20-க்குக் கீழே இறக்கிவிட்டாலும் வேர் தாமதமாகும்.

இன்னொன்று, பழைய அழுகலின் கிருமி பம்பின் விசிறியிலும் பாயின் கீறலிலும் ஒளிந்திருக்கும். பாய்த் துண்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வெட்டுங்கள். மற்றவற்றைச் சோப்பும் வாசனையும் சேராத, 4 சதவீத பிளீச்சிங் திரவம் லிட்டருக்கு 10 மில்லி வீதம் கலந்த நீரில் அரை மணி நேரம் ஓட விட்டுக் கழுவுங்கள். ஆழ்துளை நீரின் உப்பு படிந்த துளைகளுக்கு எலுமிச்சை உப்பு நல்லது, ஆனால் அதைத் தனியாக வேறொரு நாளில் செய்யுங்கள். பிளீச்சும் புளிப்பும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அதை மூடிய அறையில் சுவாசிப்பது ஆபத்து.

பதில்: பசுங்கணு

நான் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவன். நாற்றங்கால் நண்பர் சொன்னதில் எனக்கு ஒரு மாற்றம்தான் உண்டு: ஊக்கியை மறக்க வேண்டாம், முறையை மாற்றுங்கள். கடைகளில் கிடைக்கும் பொடி, டால்க்கில் கலந்த இண்டோல் பியூட்டிரிக் அமிலம். தூவும் நீரில் அது நிற்காது. அதே அமிலத்தின் கரைசலில் தண்டின் அடியை 5 முதல் 10 விநாடி மட்டும் தோய்த்து, இரண்டு நிமிடம் காற்றில் உலர விட்டுப் பிறகு வாளியில் செருகுவதே இந்த முறைக்குப் பொருந்தும். செம்பருத்தியின் அரைமுற்றிய தண்டுக்கு 1000 பி.பி.எம்., அதாவது 100 மில்லி கரைசலில் 100 மில்லிகிராம் போதும். அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது என்பதால் முதலில் சாராயக் கரைப்பானில் கரைத்து, பின்பு தண்ணீர் சேர்ப்பார்கள். ஜெல் வடிவில் கிடைத்தால் இந்த வேலையும் இல்லை. தாராளமாகத் தோய்ப்பதால் பயன் இல்லை என்பதோடு, அளவு மிஞ்சினால் தண்டின் அடி கறுத்துக் கருகிவிடும்.

இளநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் இருப்பது சைட்டோகைனின் வகை ஊக்கிகள். அவை துளிர் விடத் தூண்டுபவை, வேர் தோன்றுவதைப் பெரும்பாலும் தடுப்பவை. வேர் வரவேண்டிய இடத்தில் அதை ஊற்றுவது எதிர்த்திசையில் தள்ளுவதாகும். வேரைத் தூண்டும் ஆக்சின் என்னும் பொருளை 1920-களில் ஓட்ஸ் நாற்றின் நுனியிலிருந்து பிரித்துக் காட்டியவர் ஃபிரிட்ஸ் வென்ட். வேர்களைக் காற்றில் தொங்கவிட்டு நீர்த்திவலையில் வளர்க்கும் முறைக்கு 1957-இல் ஏரோபோனிக்ஸ் என்று பெயர் வைத்தவரும் அவரேதான். உங்கள் வாளியில் அவருடைய இரண்டு வேலைகளும் சந்திக்கின்றன என்பது ஓர் ஆசிரியைக்குப் பிடித்த செய்தியாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

குச்சியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். பச்சைத் தளிர் அழுகும், நன்கு முற்றிய மரத்தண்டு மாதக்கணக்கில் சும்மா இருக்கும். பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறிக்கொண்டிருக்கும், பென்சில் பருமனுள்ள, பூவோ மொட்டோ இல்லாத கிளையை விடியற்காலையில் வெட்டுங்கள். நான்கு விரற்கடை முதல் ஆறு விரற்கடை வரை நீளமும் மூன்று கணுவும் போதும். கடைசிக் கணுவுக்குச் சற்றுக் கீழே, கூர்மையான பிளேடால் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் தண்டை நசுக்கிவிடும், நசுங்கிய இடத்தில்தான் அழுகல் தொடங்கும். நுனியில் இரண்டு இலைகளை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கிவிடுங்கள். வேரில்லாத தண்டு நான்கைந்து முழு இலைகளுக்குத் தண்ணீர் இறைக்க முடியாது. கும்பகோணத்திலிருந்து கொண்டுவரும்போது ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் வைத்து, வெயில் படாமல் எடுத்து வாருங்கள்.

உறையூர் மாடித்தோட்டம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மீன்தொட்டி வெப்பமானி வாங்கி அளந்தேன். விடியற்காலையில் 31, பிற்பகல் மூன்று மணிக்கு 35. நெஞ்சு பதறிவிட்டது. மூடியைத் திறந்து ஓட்டிப் பார்த்ததில், நான்கு ஃபாகர்களில் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது, மற்ற மூன்றும் அதுகூட இல்லை. நனைந்ததெல்லாம் குழாயின் இணைப்பில் ஒழுகிய நீரால்தான். ஒரே ஒரு சந்தேகம்: எங்கள் பகுதியில் அவ்வப்போது ஒன்று, இரண்டு மணி நேரம் மின்சாரம் போகும். நான்கு நிமிடம் நிறுத்தினாலே காய்ந்துவிடாதா என்று பயப்படும் எனக்கு, இரண்டு மணி நேரத்தை எண்ணினால் அச்சமாக இருக்கிறது.

பதில்: கடலோரத் தோட்டம்

அம்மா, மூடி இறுக்கமாக இருந்தால் வாளிக்குள் காற்று ஈரத்தால் நிறைந்தே இருக்கும். வேர் வராத குச்சி இரண்டு மணி நேரம் தாங்கும். நீண்ட மின்தடை என்று தெரிந்தால், தண்டின் அடி ஒரு விரற்கடை மூழ்கும் அளவுக்குத் தண்ணீரை ஊற்றிவைத்து, மின்சாரம் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

ஈரச் சாக்கு யோசனை திருச்சிக்குச் சரி. இதைப் படிக்கும் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி நண்பர்கள் அதை நம்பி இறங்க வேண்டாம். கடற்காற்றின் ஈரத்தில் சாக்கு சரியாக உலராது, உலராத சாக்கு குளிர்விக்காது. சென்னையில் நான் இரண்டு கோடை அப்படி வீணாக்கினேன். இப்போது மார்கழி, தை மாதங்களில் மட்டும் இந்த வாளியை எடுக்கிறேன்.

மின்சாரம் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. மலிவான கூலர் பம்புகளில் காப்பு உரிந்து நீரில் மின்கசிவு ஏற்படுவது உண்டு. மின்கசிவு தடுப்பான் உள்ள இணைப்பில் மட்டும் போடுங்கள். வாளிக்குள் கை விடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வயர், பிளக்குக்குக் கீழே ஒரு முறை தொங்கி வளைந்து ஏறட்டும். அப்போது வயர் வழியே ஓடும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். திரும்பக் கிடைக்காத செடி என்கிறீர்கள். முழு நம்பிக்கையையும் ஒரே வாளியில் வைக்காதீர்கள். தாய்ச்செடியிலேயே பென்சில் பருமனுள்ள நான்கு கிளைகளில் விண்பதியம் போட்டுவிடுங்கள். ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஊக்கி தடவி, ஈரமான தேங்காய்நாரை வைத்துப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கக் கட்டினால் நாலைந்து வாரத்தில் வேர் தெரியும். ஆடிக்கு முன் நேரம் இருக்கிறது. இடையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாவிட்டாலும் தாய்ச்செடி அதைப் பார்த்துக்கொள்ளும்.

உறையூர் மாடித்தோட்டம்

ஞாயிறன்று கும்பகோணம் போய் ஐந்து விண்பதியம் கட்டி, 12 குச்சிகளும் வெட்டி வந்தேன். வளையக் குழாய் தயார், டைமர் தயார், வாளி கூடத்துத் தரையில். இப்போது பிற்பகலில் 27 டிகிரியைத் தாண்டுவதில்லை. எட்டாம் நாளாகிறது. தண்டு முழுக்க வெள்ளைக் குருணை அப்பியது போலச் சிறு சிறு புடைப்புகள் வந்திருக்கின்றன. இது பூசணமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

பதில்: பசுங்கணு

பூசணம் அல்ல. நகத்தால் சுரண்டிப் பாருங்கள், கெட்டியாக, தண்டோடு ஒட்டியிருந்தால் அவை பட்டையின் சுவாசத் துளைகள் ஈரத்தில் புடைத்தவை. நல்ல அறிகுறி. வெட்டுவாயின் விளிம்பில் பாலேடு போலத் தடித்த திசுவும் வந்திருக்க வேண்டும். பஞ்சு போலவோ வழவழப்பாகவோ இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். ஒன்றிரண்டு கெட்டிருந்தால் இரக்கம் காட்டாமல் உடனே எடுத்துவிடுங்கள்.

பதில்: நாற்றங்கால்

தண்ணீரை வாரம் ஒரு முறை முழுவதும் மாற்றுங்கள். இடையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, 10 லிட்டருக்கு அரை மில்லி வீதம் அதே 4 சதவீத பிளீச்சை ஊசியில் அளந்து விடலாம், லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்ற அளவில் அது தண்டைச் சுடாது. ஹைட்ரஜன் பெராக்சைடையும் இதையும் சேர்த்து விடாதீர்கள், ஒன்றையொன்று முறித்துவிடும். வேர் கண்ணில் படும்வரை உரம் எதுவும் வேண்டாம். வந்த பிறகும் வழக்கமான அளவில் கால் பங்குதான்.

வேர் ஓர் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலம் வந்ததுமே தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். நீண்டு தொங்கட்டும் என்று காத்திருந்தால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு எடுக்கும்போது ஒடியும். கழுவி உப்பு நீக்கிய தேங்காய்நார்க் கழிவும் பெர்லைட் என்னும் எடை குறைந்த வெள்ளைக் குருணையும் சமமாகக் கலந்த தேநீர்க் கோப்பை அளவு பையில், வேரைப் பிடித்தபடியே கலவையைத் தூவி நிரப்புங்கள். விரலால் அழுத்த வேண்டாம், தண்ணீரே அதை இறுக்கும். முதல் ஒரு வாரம் நிழல், இலை மேல் தெளிந்த பிளாஸ்டிக் பை, நாளுக்கு நாள் பையில் துளையைப் பெரிதாக்குங்கள். காற்றின் ஈரத்தில் வளர்ந்த வேருக்கு வெளி உலகம் புதிது.

உறையூர் மாடித்தோட்டம்

இருபத்து நான்காம் நாள் எழுதுகிறேன். 12 குச்சிகளில் ஒன்பது வேர்விட்டிருக்கின்றன. முதல் வேர் பதினைந்தாம் நாள் வந்தது, தையல் நூல் கனத்தில், பால் வெள்ளையாக, வெட்டுவாயின் ஓரத்திலிருந்து. டார்ச் அடித்துப் பார்த்தபோது அதன் நுனியில் மெல்லிய பூனைமயிர் போன்ற வேர்த்தூவிகள் நீர்த்துளிகளோடு மின்னின. கெட்டுப்போன மூன்றில் இரண்டு நான் அவசரத்தில் மொட்டோடு வெட்டியவை, ஒன்று நசுங்கியது. ஒன்பதையும் நேற்று பைகளுக்கு மாற்றினேன். எடுக்கும்போது ஒன்றில் மட்டும் ஒரு வேர் ஒடிந்தது, மற்றவை முழுசாக வந்துவிட்டன.

விண்பதியங்களையும் இன்று பார்த்து வந்தேன். ஐந்தில் மூன்றில் பிளாஸ்டிக் வழியாக வேர் தெரிகிறது, இன்னும் இரண்டு வாரம் விட்டு வெட்டப் போகிறேன். வீட்டை வாங்கியவர் இடிக்கும் தேதியைச் சொல்லிவிட்டு, புது வீட்டு வாசலில் வைக்கத் தனக்கும் ஒரு கன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பைகளில் வேகமாகத் துளிர்த்த கன்றின் மேல் அவருக்கென்று சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன்.